என் கழுத்துக்குக் கீழே அர்ஜென்டினா

வேலை முடிந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வெள்ளானூரில் எங்கள் தெருமுனையைத் திரும்பினேன். என் வீட்டு மொட்டைமாடியில் என் தலை தெரிந்தது. தலை மட்டும்தான் என்னுடையது. கழுத்துக்குக் கீழே நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அர்ஜென்டினா ஜெர்சி. அதற்குள் இருந்த தோள் யாரோ ஒரு ஆட்டக்காரனுடையது, என் தோளைப்போல் இரண்டு பங்கு அகலம். கையில் கறுகறுவென்று முடி வேறு. காதில் என் ஜிமிக்கி, தலையில் என் மல்லிகைப்பூ, கீழே ஆம்பளைக் கை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். நானேதான்.

போன உலகக் கோப்பை நடந்த கார்த்திகை மாதம் அது. பன்னிரண்டடி அகல ஃப்ளெக்ஸ் பேனர். மேலே அர்ஜென்டினாவின் பத்தாம் நம்பர்காரர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் காலடியில் "எங்கள் தெரு அர்ஜென்டினா தெரு, இவண் அனைத்துக் குடும்பங்கள்" என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே மூன்று வரிசையாகத் தெருக்காரர்களின் முகங்கள், கல்யாண பேனரில் போடுவதுபோலவே. முன்பெல்லாம் ஆண்கள் முகம் மட்டும்தான் போடுவார்கள். அந்த வருஷம் பெண்களையும் சேர்த்திருந்தார்கள். எங்களுக்கெல்லாம் மரியாதை செய்தார்களாம்.

அந்த மரியாதையில் இடி விழ. என் முகத்துக்கு ஜெர்சி மாட்ட இவர்கள் யார்? நான் பிரேசில். பிறந்ததிலிருந்து பிரேசில்.

எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒவ்வொரு பீஸையும் அளவு பார்த்து, ஒரு முடி கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு மை வைத்து ஓரமாகத் தள்ளுவதுதான் என் வேலை. தப்பைத் தப்பு என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் வீட்டிலும் வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு வராது.

நான் பிறந்தது முத்தாபுதுப்பேட்டையில். எங்கள் தெருவில் எல்லோரும் ஃபேக்டரி வேலைக்காரர்கள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டுப் பந்து ஆடுவார்கள். தெரு டீமுக்கு ஜெர்சி வாங்க ஆவடி மார்க்கெட்டுக்குப் போனவர்களுக்கு ஒரே நிறத்தில் பதினைந்து கிடைத்தது மஞ்சள் பனியன் மட்டும்தான். வாங்கி வந்துவிட்டார்கள். பிறகு ஒரு உலகக் கோப்பையில் டிவியைப் போட்டால் பிரேசிலும் மஞ்சள்! அன்றிலிருந்து எங்கள் தெரு பிரேசில். இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். என் கணவர் தெரு அர்ஜென்டினா ஆனதற்கும் இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அந்தத் தெருவில் முதன்முதலில் டிவி வாங்கிய வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்த முதல் ஃபைனலில் ஜெயித்தது அர்ஜென்டினா, அவ்வளவுதான். உலகம் பூராவும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கோ இருக்கிற ஒரு நாட்டை எவனோ ஒருவன் ஒரு சாயங்காலம் பிடித்துக்கொள்கிறான். அப்புறம் அவன் பிள்ளைகளால் அதை விட முடிவதில்லை.

சின்ன வயதில் நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்பேன். வேலிகாத்தான் புதருக்குள் போகிற பந்தை எடுத்து உதைத்துத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. முள் கீறாத நாள் கிடையாது. நன்றாகவே உதைப்பேன். பதிமூன்று வயதில் பெரியவளானதும், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்து உதைத்தது போதும் என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். காலைத்தான் அவர்களால் கட்ட முடிந்தது. கண்ணை என்ன செய்வார்கள்? நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

பிரேசில் கடைசியாகக் கோப்பை வாங்கிய வருஷம் எனக்கு இருபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபைனல். எங்கள் வீட்டு டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தோம். தெருவே வெளியில் உட்கார்ந்து பார்த்தது. இரண்டாவது கோல் விழுந்ததும் அப்பா, எங்களுக்கு அவர் நைனா, கூட்டத்துக்குள்ளிருந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துத் தெருவில் ஆடினார். வாழ்நாளில் எங்களோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன். மகளோடு தெருவில் ஆடினால் யார் என்ன சொல்வார்கள் என்று அன்றைக்கு அவர் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். பித்தளைப் பாத்திரம், பீரோ எல்லாம் அம்மா பார்த்துக்கொண்டார். நைனா தன் மஞ்சள் பனியனைத் துவைத்து மடித்து என் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். இப்போது அவர் இல்லை. பனியன் என்னிடம் இருக்கிறது.

இதையெல்லாம் என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. அன்றைக்கு பேனருக்குக் கீழே நின்று கத்தியபோதும் சொன்னேன்.

"இன்னாய்யா இது? என் மூஞ்சிய யார கேட்டு போட்டீங்க?"

"அதுல இன்னாமே கீது? தெருவே கீது, நீயும் கீற. நல்லாத்தான கீது," என்றார் அவர். லேத் மெஷினில் மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாகச் செய்வார். பெண்டாட்டி கேட்கிற கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இருக்காது.

பதில் சொல்வதற்கென்றே அவர் அண்ணன் இருக்கிறார். தெரு டீமுக்கு மேனேஜர், பேனருக்கு மூளை, எல்லாம் அவர்தான். சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாமா பிரச்சனை?"

"நான் பிரேசில் மாமா. உங்களுக்கு தெரியாதா?"

"அது கல்யாணத்துக்கு முன்னாடிமா. கல்யாணம் ஆனா இனிஷியல் மாறுது, ரேஷன் கார்டு மாறுது, கொலதெய்வமே மாறுது. டீமு மட்டும் மாறாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. "சாமிய மாத்துனீங்க, சரின்னு கும்புட்டேன். டீம மாத்த முடியாது மாமா," என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

இந்தத் தெருவில் இது எழுதாத சட்டம். எந்த ஊரிலிருந்து எந்தப் பெண் வந்தாலும் முதல் உலகக் கோப்பைக்கு அவள் கையில் ஒரு நீல வெள்ளைக் கொடியைக் கொடுத்துவிடுவார்கள். நான் வந்த புதிதில் எனக்கும் கொடுத்தார்கள். வாங்கி அடுப்படியில் கைப்பிடித் துணியாக வைத்துக்கொண்டேன். விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு உலகக் கோப்பையில், சொந்த மண்ணிலேயே, பிரேசில் ஜெர்மனியிடம் ஏழுக்கு ஒன்று என்று தோற்றது. மறுநாள் காலையில் பிறந்த வீட்டிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், எதிர்வீட்டிலிருந்து மூடிய தட்டு ஒன்று வந்திருந்தது. திறந்தால் ஏழு இட்லி, ஒரு வடை. வாசலில் நின்று மைத்துனர், கணவரின் அண்ணன்தான், விழுந்து விழுந்து சிரித்தார். என் கணவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இழவு வீட்டில்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள். பட்டினியாகவே வேலைக்குப் போனேன். பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த வடையை நான் மறக்கவில்லை.

சரி, பேனர் கதைக்கு வருகிறேன். கழற்றுங்கள் என்றால் கழற்ற வேண்டியதுதானே? முடியாதாம். அந்தத் தடவை அர்ஜென்டினா முதல் ஆட்டத்திலேயே சவுதியிடம் தோற்றுவிட்டது. தெருவே சாப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் இந்தப் பேனரை அடித்துக் கட்டினார்கள். கட்டியதும் அடுத்த ஆட்டம் ஜெயித்தது, அதற்கடுத்ததும் ஜெயித்தது. அவ்வளவுதான், பேனர் சாமியாகிவிட்டது. மைத்துனர் தினமும் அதற்கு ஊதுபத்தி காட்டாத குறை.

"கப்பு முடியிற வரைக்கும் அத யாரும் தொடக் கூடாது. ராசியான பேனரு. ஒரு கயிறு அவுந்தா கூட போச்சு," என்று ஆர்டர் போட்டுவிட்டார். அதைக் கட்டியிருந்தது என் வீட்டு மாடியில். வீட்டு வரி கட்டுவது நான்.

இது போதாது என்று அடுத்த இடி என் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. யாரோ புண்ணியவான் பேனரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். முத்தாபுதுப்பேட்டை பிரேசில் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். என் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இன்னாண்ணா, என்ன குரூப்ல இருந்து எடுத்துகீறீங்க?"

"நீ கட்சி மாறிட்டியாமே? கோடு போட்ட பனியன்ல ஜம்முனு கீறியாம். தெருவுல தலை காட்ட முடியல."

"என்ன கேட்டா போட்டாங்க? அது என் ஒடம்பே இல்ல!"

"அதெல்லாம் தெரியாது. நீ அந்த பேனர்ல ஏறுனதுக்கு அப்பாலதான் நாம கேமரூனாண்ட தோத்தோம். உன் மூஞ்சி அங்க கீற வரைக்கும் மேட்சு பாக்க இங்க வராத."

ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் பிரேசிலின் பெரிய ஆட்டங்களைப் பார்க்க நான் முத்தாபுதுப்பேட்டைக்குத்தான் போவேன். நைனா உட்கார்ந்த அதே ஜன்னலுக்கு எதிரில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது. கல்யாணத்துக்கப்புறம் ஒரு தடவைகூட அதைத் தவறவிட்டதில்லை, மகள் வயிற்றில் இருந்தபோதுகூட. அந்த இடத்துக்கு வராதே என்கிறான். வெள்ளிக்கிழமை கால் இறுதி. அதற்குள் என் முகம் அந்தப் பேனரிலிருந்து இறங்கியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை பார்த்தா புயல் வர வேண்டும்? ராத்திரி கரையைக் கடக்கும் என்றார்கள். கம்பெனியில் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் தெருமுனையில் நின்று பேனரை நன்றாகப் பார்த்துக் கணக்கு வைத்துக்கொண்டேன். கீழ் வரிசை, இடப்பக்கத்திலிருந்து நாலாவது. மாடிக்கு ஏறினால் பேனரின் முதுகுதான் தெரியும், வெறும் வெள்ளை. அங்கிருந்து பார்த்தால் இடம் வலமாகும். வலப்பக்கத்திலிருந்து அளவு டேப் வைத்து அளந்தேன். பக்கத்து முகத்தை வெட்டிவிட்டு வந்து நின்றால் எந்த இன்ஸ்பெக்டருக்கும் அவமானம். பிளேடை வைத்து ஒரு சதுரம் போட்டேன். பட்டுப்புடவை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். என் முகம் கையோடு வந்தது, ஜிமிக்கியோடு, ஆம்பளைத் தோளில் பாதியோடு.

பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினால் மாமியார். மழைக்கு முன்னால் கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்திருந்தார். வசமாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"பாத்துமே, உயுந்துடப் போற," என்றார். அவ்வளவுதான். துணியை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு பேனரின் முதுகைப் பார்த்து, "என்துகூட இதுல கீதா?" என்று கேட்டார்.

"கீது அத்தே. எனக்கு பக்கத்துலதான்."

"எனக்கும் அந்தக் கோடு போட்ட பனியனா?"

"ஆமா அத்தே."

"ஹும்," என்று சொல்லிக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். எனக்கு ஒரே அவசரம். மழை தூற ஆரம்பித்துவிட்டது, மைத்துனர் வருவதற்குள் கிளம்ப வேண்டும். வெட்டிய முகத்தைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கிவிட்டேன்.

புயலில் போகாதே என்று கணவர் போனில் கத்தினார். "உன் அண்ணன்கிட்ட சொல்லு, எனக்கு சொல்லாத," என்று வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஆவடியைத் தாண்டுவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். அண்ணன் வீட்டு வாசலில் நின்று, சுருட்டிய முகத்தைப் பையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "இந்தா, புடி. எறக்கிட்டேன்." அவன் அதை விரித்துப் பார்த்துவிட்டு வழி விட்டான். தலையைத் துவட்டிக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் எங்கள் பத்தாம் நம்பர்காரர் நாலு பேரைத் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டார். நான் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். வெளியில் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது, யாருக்கும் காது கேட்கவில்லை. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது குரோஷியாக்காரன் திருப்பிப் போட்டான். பெனால்டிக்குப் போனது. எங்கள் கடைசிப் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதும் யாரோ எழுந்து டிவியை அணைத்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தது என் அண்ணன்தான். "சொன்னனே. அங்க சாப்புட்டுகினு, அங்க தூங்கிகினு, இங்க வந்து உக்காந்தா ஆட்டம் எப்டி வெளங்கும்? மூஞ்சிய வெட்டுனா ராசி போயிடுமா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெனால்டியைக் கம்பத்தில் அடித்தது ஒருத்தன், பழி என் தலையில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்களே, அது நான்தான். அங்கே இருந்தால் அவர்களுக்கு ராசி, இங்கே வந்தால் இவர்களுக்குத் தரித்திரம். மழையில் நனைந்து எட்டு கிலோமீட்டர் வந்தவளை ஒருத்தர்கூட, பாவம், இவள் டீமும் தோற்றுவிட்டதே என்று பார்க்கவில்லை. அங்கே இருந்த அத்தனை பேரையும்விட நான்தான் அதிக நேரம் அழுதேன். அழுததுகூட அபசகுனம் என்றான் ஒருத்தன். புயலுக்குப் பயந்துதான் அன்றைக்கு அங்கே படுத்தேன், இல்லாவிட்டால் அப்போதே கிளம்பியிருப்பேன்.

விடிந்ததும் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. ஒரு கடை பேனர் பாக்கியில்லாமல் கந்தலாகத் தொங்கியது. எங்கள் தெருமுனையில் ஏச்சு வாங்கத் தயாராகத்தான் வண்டியை நிறுத்தினேன். பேனர் முழுசாக நின்றுகொண்டிருந்தது! என் இடத்தில் மட்டும் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாக வானம் தெரிந்தது. கீழே மைத்துனர் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன்.

"நான்தான் வெட்டுனேன் மாமா. இன்னா இப்ப?"

"நீதானா?" என்றவர் முகம் பூவாக மலர்ந்தது. "காத்து உள்ள பூந்து அந்தப் பக்கமா போயிருக்கும்மா! ஓட்டை இல்லன்னா பேனரு கிழிஞ்சிருக்கும். ராத்திரி ரெண்டாவது மேட்சுல நாமளும் பெனால்டில ஜெயிச்சிட்டோம். ஓட்டை ராசிமா! அத அப்டியே உடு."

கேட்டீர்களா? என் கோபத்துக்குக்கூடத் தங்கள் டீம் ஜெர்சியை மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அரை இறுதி, ஃபைனல் எல்லாவற்றுக்கும் அந்த ஓட்டைதான் பேச்சு. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிரான்ஸோடு நடந்த ஃபைனலுக்குத் தெருவில் திரை கட்டி, பந்தல்காரரிடம் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். பெண்களுக்குப் பின்வரிசை, சுண்டல் பாத்திரத்துக்குப் பக்கத்தில். நான் நைனாவின் மஞ்சள் பனியனைச் சுடிதார் மேல் போட்டுக்கொண்டு போய் முதல் வரிசை நடுவில் உட்கார்ந்தேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, என் மூஞ்சி அப்படி இருந்திருக்கும். பக்கத்தில் புது அடுக்குமாடியில் குடியிருக்கிற ஐ.டி. தம்பி ஒருவர், ஏதோ ஐரோப்பிய கிளப் ஜெர்சியில் வந்து உட்கார்ந்தார். மரியாதையான பிள்ளைதான். பத்து நிமிடத்தில் என் பக்கம் சாய்ந்து, "ஆன்ட்டி, ஆஃப்சைடுன்னா என்ன தெரியுமா? நான் சொல்லட்டுமா?" என்றார்.

"வேணாம்பா," என்றேன். "அந்த ரைட் பேக் ஒரு அடி பின்னாடி நிக்கிறான் பாரு, அதனாலதான் இப்ப லைன்ஸ்மேன் கொடி தூக்கல. ரெண்டு தடவ அந்தப் பக்கமாவே பந்து வந்துடுச்சு. அத அவன் கோச்சுக்கு சொல்லு." அதற்கப்புறம் அவர் என்னிடம்தான் சந்தேகம் கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு ஃபைனலை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. அவர்கள் போட, இவர்கள் போட, மூன்றுக்கு மூன்று. பிரான்ஸ் பையன் ஒற்றை ஆளாக ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தினான். நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். யார் ஜெயித்தாலும் பரவாயில்லை, முடியாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. பெனால்டியில் அர்ஜென்டினா ஜெயித்ததும் தெரு பைத்தியம் பிடித்து ஆடியது. என் கணவர் லட்டு கொண்டுவந்து நீட்டினார். வாங்கித் தின்றேன். கத்தவில்லை. "இப்பவாச்சும் ஒரு தடவ கத்துமே," என்றார். "என் டீமு ஜெயிக்கட்டும், அப்ப கத்துறேன்," என்றேன். அந்த ராத்திரி முழுக்க மைத்துனர், ஓட்டைதான் கோப்பையைக் கொண்டுவந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதோ, அடுத்த உலகக் கோப்பையும் வந்துவிட்டது. போன வாரம் மைத்துனர் வீட்டுக்கு வந்தார், கூடவே கரையான்சாவடி ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறவர். புது பேனருக்கு மாடல் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். பார்த்தேன். எல்லார் முகமும் இருந்தது. என் இடத்தில் மட்டும், இந்தத் தடவை கம்ப்யூட்டரிலேயே, வெள்ளையாக ஒரு சதுரம். அதை வெட்டி எடுத்துவிடுவார்களாம். ராசிக்காக!

மாடலை மைத்துனர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பேச்சு நன்றாகவே வந்தது.

"என் மூஞ்சி வேணாம், மூஞ்சி போன ஓட்டை வேணுமா உங்களுக்கு? மாமா, இது என் ஊட்டு மாடி. இதுல பேனர் ஏறணும்னா நான் சொல்றத கேளுங்க. எனக்கு மஞ்சள் ஜெர்சி. ஒடம்பு பொம்பள ஒடம்பு. மத்த பொம்பளைங்க மூஞ்சிக்கெல்லாம் அவங்கவங்கள கேட்டு இன்னா கலரோ அத போடணும். யாரும் கேக்க மாட்டீங்க, நானே கேட்டுட்டு வரேன். இல்லன்னா வேற மாடி பாத்துக்குங்க."

மைத்துனர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார். "ஓட்டையாச்சும் ஓரமா ஒண்ணு..." என்று இழுத்தார் மைத்துனர். முடியாது என்றேன்.

கையில் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒருத்தி ஜெர்மனி என்றாள், இருபது வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தாளாம். ஒருத்தி போர்ச்சுகல், காரணம் கேட்டால் வெட்கப்பட்டாள். இரண்டு பேர் நிஜமாகவே அர்ஜென்டினா. ஒருத்தி ஜப்பான், ஆட்டம் முடிந்ததும் அவர்கள் குப்பை பொறுக்கிப் போட்டுவிட்டுப் போவார்களாம், அது பிடிக்குமாம். பேப்பரைப் பார்த்த என் கணவர், "இது தெருவா, கோயம்பேடு மார்க்கெட்டா?" என்று முனகினார். எனக்கு அப்படி ஒரு நிறைவு. தெருவில் யாரும் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்ற திமிரோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

கடைசியாக மாமியார். அடுப்படியில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அத்தே, பேனர்ல உங்க மூஞ்சிக்கு இன்னா டீமு போடணும்? உங்க இஷ்டம், சொல்லுங்க."

அவர் நிமிரவில்லை. "எனக்கு பந்தாட்டமே புடிக்காதுமே," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கொத்தை எடுத்து உருவி முறத்தில் போட்டார்.

"எனக்கு அந்த சத்தமே ஆவாது. கண்ணாலம் ஆயி வந்த நாள்லேந்து இந்த ஊட்ல பந்து, பந்து, பந்து. டீ போட்டேன், சுண்டல் அவிச்சேன், வர்றவன் போறவன் தின்ன தட்டெல்லாம் கயுவுனேன். உனக்கு இது புடிக்குமான்னு எவனாச்சும் கேட்டானா? நீயும்தான் இத்தினி வருசம் கேக்கல. அன்னிக்கு மாடில உன் மூஞ்சிய வெட்டிக்கினு இருந்தியே, என்தையும் வெட்டிக் குடுமேன்னு கேக்கலாம்னுதான் நின்னேன். நீ அவசரமா எறங்கிப் பூட்ட."

கையிலிருந்த பேப்பரைப் பார்த்தேன். அத்தை என்று எழுதி, பக்கத்தில் என்ன நிறமென்று நிரப்பக் கோடு போட்டு வைத்திருந்தேன். இருபத்துமூன்று வருஷம் ஒரே அடுப்படி. எத்தனை உலகக் கோப்பைக்கு அவர் கையால் சுண்டல் வாங்கித் தின்றிருப்பேன். என் டீம், என் டீம் என்று நான் கத்திய கத்தலில் ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறேனா? அவருக்கு எதிரில் உட்கார்ந்து, ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டேன். என் பக்கத்தில் இருக்கிற அத்தை முகத்தை எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் எதுவும் போட வேண்டாம், மற்ற முகங்களைத் தள்ளி நிரப்பிவிடுங்கள் என்றேன்.

மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். கீரைக் காம்புகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"இந்தத் தபா சுண்டலும் நான் அவிக்க மாட்டேன், சொல்ட்டேன்," என்றார்.

"சரி அத்தே," என்றேன்.